சந்தை இல்லாத சரக்கை 68 வருடம் விற்ற பெண்மணி

வர்த்தகப் பத்தியில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஓவியத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. நான் எழுத வருவது ஒரு கடையைப் பற்றி. பாரிஸ் நகரில் 1944 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கடையின் உரிமையாளர் டெனிஸ் ரெனே என்ற பெண்மணி. 1913 இல் பிறந்த அவர் 2012 ஜூலை மாதம் தனது 99 ஆவது வயதில் காலமானார். இடைப்பட்ட 68 வருடங்களும் அவர் ஓவிய வியாபாரியாகவே இருந்தார். அதிலும் ஆரம்ப ஓரிரு வருடங்களைக் கழித்துவிட்டால் ஒரே வகையான சரக்கையே விற்றார்.

அந்தச் சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அரூப ஓவியம் என்று சொல்கிறார்களே, அதில் ஒரு பிரிவு. மனிதர் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. சதுரம், வட்டம், நேர்கோடு, நிறம் ஆகியவை மட்டும். பின்னர் அதே குடும்பத்தில் அசைவுக் கலை என்ற இன்னொரு பிரிவும் சேர்ந்தது. மோட்டாரினால் சுழலும் தகடுகள், காற்றில் ஆடும் கம்பிகள், எரிந்து அணையும் விளக்குகள். சில துண்டுகள் சும்மாவே நிற்கும். பார்ப்பவர் நடக்கும்போது அவை அசைவதுபோல் தோன்றும். இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்க 1944 இல் பாரிஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? யுத்தம் முடியாத காலம். பாணுக்கும் நிலக்கரிக்கும் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற மக்கள்.

இந்தக் கதை எமது வர்த்தகர்களுக்கு ஏன் தேவை என்கிறேன் என்றால், எம்மிடம் உள்ள ஒரு பழைய வியாதி காரணமாகத்தான். ஒருவர் கையடக்கத் தொலைபேசிக் கடை போட்டு இரண்டு காசு பார்த்தால், ஆறு மாதத்தில் அதே வரிசையில் ஏழெட்டுக் கடைகள் வந்துவிடுகின்றன. அபாயா கடையும் அப்படித்தான், பேக்கரியும் அப்படித்தான். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளை ஒன்று ஆலோசனை கேட்டு வந்தால் மூத்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "ஓடுகிற சரக்கைப் பிடி" என்பதே. அந்த ஆலோசனையில் பிழையில்லை. ஆனால் எல்லோரும் ஓடுகிற சரக்கையே பிடித்தால் இலாபம் ரூபாயிலிருந்து சதத்துக்கு இறங்கிவிடும். கடைசியில் கடன் கொடுத்த மொத்த வியாபாரி மாத்திரமே மிஞ்சுவார். ஓடாத சரக்கை ஓட வைத்த ஒருவரின் கணக்கையும் நாம் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் அல்லவா?

அவரது சொந்தக் குடும்பப் பெயர் வேறு. டெனிஸ் ரெனே என்பது தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர். கடை இருந்த லா பொயெத்தி வீதி 124 ஆம் இலக்க இடம் அதற்கு முன்னர் ஆடைத் தொழிலுக்கான வேலைக்கூடமாக இருந்தது. அதை ஓவியக்கூடமாக மாற்றுவதற்கு உந்துதலாக இருந்தவர் விக்டர் வசரெலி. ஹங்கேரியிலிருந்து 1930 இல் பாரிஸுக்குப் பிழைக்க வந்து, விளம்பர நிறுவனங்களுக்கு வரைந்து கொடுத்து வாழ்ந்தவர். இருவருக்கும் 1939 இலேயே அறிமுகம். இடத்தெரிவும் சும்மா அமைந்ததல்ல. யுத்தத்துக்கு முன்னர் பாரிஸின் பெரிய ஓவிய வியாபாரிகள் கடை வைத்திருந்த வீதி அது. பிக்காஸோவின் ஓவியங்களை விற்ற போல் ரோசன்பேர்க்கின் கடை 21 ஆம் இலக்கத்தில் இருந்தது. ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது அது பறிக்கப்பட்டது. துணி வாங்க வருபவன் துணிக்கடை வீதிக்குத்தான் வருவான் என்பது எமக்கும் தெரிந்த சூத்திரம்தானே.

பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே 1944 இல்தான் என்பதை இடையில் குறிப்பிட வேண்டும். கணவனின் சம்மதமின்றி மணமான பெண் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும் உரிமை அங்கு 1965 இல்தான் சட்டமானது. அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வர்த்தகத்தை மேடைதோறும் எடுத்துச் சொல்லும் நாம், வீட்டுப் பெண்பிள்ளை கடைக் கணக்கைக் கேட்டால் "உனக்கேன் இது" என்கிறோம். அதை இன்னொரு வாரம் பேசலாம்.

ஆரம்பத்தில் டெனிஸ் ரெனேயும் பலசரக்குக் கடைதான் நடத்தினார். 1945 இல் மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் என்ற பிரபலமானவரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். 1946 இல் ஹார்ட்டுங், ஷ்னைடர் போன்றோரை ஏனைய சிலரோடு சேர்த்து வைத்தார். தூரிகையை விசிறி, உணர்ச்சிவேகத்தில் வரையும் அரூப ஓவியர்கள் இவர்கள். 1950 களில் பாரிஸ் சந்தையில் ஓடிய சரக்கு அதுதான். விமர்சகர்கள் அதைப் புகழ்ந்தார்கள், பணக்காரர்கள் அதை வாங்கினார்கள். ஹார்ட்டுங்குக்கு 1960 இல் வெனிஸ் நகரின் பெரும் பரிசும் கிடைத்தது. ஆனால் டெனிஸ் ரெனே அதற்குப் பல வருடங்கள் முன்பே அந்தப் பக்கத்தை விட்டு, அளவுகோல் வைத்து வரைபவர்களின் பக்கம் வந்துவிட்டார். அவரது ஓவியர்களை "குளிர்ந்த" ஓவியர்கள் என்றார்கள். தட்டில் இருந்த ஓடுகிற சரக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஓடாததை உள்ளே அடுக்கிய வியாபாரியை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பேருவளை சீனன்கோட்டையில் கல் வியாபாரிகளோடு பழகியவர்களுக்கு இது விளங்கும். கல் தெரிந்தவர், பட்டை தீட்டாத கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே உள்ளே இருப்பதைக் கண்டுவிடுவார். மற்றவர் கண்ணுக்கு அது வெறும் கூழாங்கல். வித்தியாசம் என்னவென்றால், கல்லின் விலையை உறுதிப்படுத்த ஏற்கனவே ஒரு சந்தை காத்திருக்கிறது. இவருக்கு அந்தச் சந்தையையும் தானே கட்ட வேண்டியிருந்தது.

எப்படிக் கட்டினார்? முதலாவதாக, வாங்குபவன் வரும்வரை காத்திருக்கவில்லை. 1951, 1952 காலப்பகுதியில் தனது ஓவியர்களின் படைப்புகளைக் கட்டியெடுத்துக்கொண்டு கொப்பன்ஹேகன், ஹெல்சிங்கி, ஸ்டொக்ஹோம், ஒஸ்லோ என்று நோர்டிக் நாடுகளுக்குக் கொண்டு சென்றார். பாரிஸ் கண்டுகொள்ளாததை வட ஐரோப்பா கண்டுகொள்ளும் என்ற கணக்கு. வெளியூர்ச் சந்தைகளுக்குப் பொதி கட்டிச் சென்ற எமது பாட்டன்மாரின் வியாபாரமும் இப்படித்தான் தொடங்கியது.

இரண்டாவது, 1955 ஏப்ரலில் அவர் நடத்திய "அசைவு" என்ற கண்காட்சி. கலை வரலாறு எழுதுபவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டுப் பேரின் படைப்புகள். அவர்களில் மார்செல் டுஷாம்ப், அலெக்ஸாண்டர் கால்டர் ஆகிய இருவரும் உலகறிந்த மூத்தவர்கள். டுஷாம்பின் சுழலும் இயந்திரம் 1925 இல் செய்யப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜேகப்சனும் வசரெலியும் நடுத்தர வயதினர். மற்ற நால்வரான அகம், பியூரி, சோட்டோ, டிங்குலி ஆகியோர் அனைவரும் 35 வயதுக்கு உட்பட்ட, பெயர் எடுக்காத இளைஞர்கள். இவர்களில் சோட்டோ வெனிசுவேலாவிலிருந்து 1950 இல் வந்து, இரவுகளில் கிட்டார் வாசித்துச் சீவித்தவர். இரண்டு பழைய பெயர்களைக் கதவில் தொங்கவிட்டு நான்கு புதியவர்களை உள்ளே வைத்தார். கூடவே மஞ்சள் தாளில் ஒரு துண்டுப் பிரசுரம். இது என்ன சரக்கு, ஏன் இது என்பதற்கான விளக்கம் அதில் இருந்தது. வசரெலியோடு பொன்டுஸ் ஹுல்டென் என்ற சுவீடன் நாட்டு இளைஞரும் அதில் எழுதியிருந்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் பாரிஸ் பொம்பிடு மையத்தின் அருங்காட்சியகத்துக்கு முதலாவது பணிப்பாளரானார். விளக்கத் துண்டு இல்லாமல் புதிய சரக்கை இறக்கிவிட்டு "சனம் வாங்குதில்லை" என்று புலம்பும் எம்மவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

மூன்றாவது, சரக்குக்குப் பரம்பரை காட்டினார். 1957 இல் ஒல்லாந்து ஓவியர் மொண்ட்ரியானுக்குப் பாரிஸில் தனிக் கண்காட்சி வைத்தார். கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் வரைந்த அந்த மனிதர் பாரிஸிலேயே 20 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தவர். 1944 இல் நியூயோர்க்கில் இறந்து 13 வருடம் கழிந்தும் பிரான்ஸில் அவருக்கு ஒரு தனிக் கண்காட்சி நடந்திருக்கவில்லை. அதே வருடத்தில் போலந்து நாட்டின் அரூப ஓவிய முன்னோடிகளையும் காட்டினார். "நான் விற்பது நேற்று முளைத்ததல்ல, இதற்கு மூதாதையர் உண்டு" என்று வாங்குபவனுக்கு உணர்த்தும் வேலை அது. மொண்ட்ரியானில் விற்று இலாபம் பார்ப்பதற்கு அவரிடம் பெரிதாக எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அது விளம்பரச் செலவு. ஆனால் கௌரவமான விளம்பரம்.

அந்த மூதாதையர் வரிசை போலந்தோடும் ஒல்லாந்தோடும் நின்றுவிடவில்லை. இங்குதான் எமது வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய விடயம் வருகிறது. டெனிஸ் ரெனேயின் ஓவியர்களில் ஒருவர் பிரான்சுவா மொரெல்லே. 1926 இல் பிறந்து 2016 இல் காலமானவர். இவர் முழுநேர ஓவியரல்ல. ஷொலே என்ற ஊரில் குடும்பத்துக்குச் சொந்தமான விளையாட்டுப் பொருள் தொழிற்சாலையை 1970 களின் நடுப்பகுதி வரை நடத்திய கைத்தொழிலதிபர். பகலில் தொழிற்சாலை, மிச்ச நேரத்தில் ஓவியம். அவர் 1952 இல் ஸ்பெயினுக்குப் போய் கிரனடாவில் அல்ஹம்ப்றா மாளிகையைப் பார்த்தார். சுவர் முழுவதும் ஓடும் கேத்திரகணித வேலைப்பாட்டைக் கண்டு பிரமித்துப்போனார். தனது வழியைத் தீர்மானித்த அனுபவமாக அதைப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். மையம் என்று ஒன்றில்லாமல், தொடக்கமும் முடிவுமில்லாமல், ஒரு விதியை வைத்துக்கொண்டு சுவரை நிரப்பிச் செல்லும் முறை அது. பெயர் தெரியாத முஸ்லிம் கைவினைஞர்கள் 14 ஆம் நூற்றாண்டில் பதித்த ஓடுகள், 20 ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு முதலாளிக்குப் பாடசாலையாகின.

1960 இல் மொரெல்லே ஒரு வேலை செய்தார். 40,000 சிறு சதுரங்கள் கொண்ட ஒரு பலகை. தொலைபேசி விபரக்கொத்தைத் திறந்து இலக்கங்களை வரிசையாக வாசிக்கச் செய்து, இரட்டை இலக்கமானால் ஒரு நிறம், ஒற்றையானால் மற்ற நிறம் என்று சிவப்பும் நீலமும் பூசி நிரப்பினார். வீட்டாரும் இலக்கம் வாசிக்க உதவினார்களாம். விளையாட்டுப் பொருள் செய்பவரின் மூளை என்று சிரிக்கலாம். ஆனால் விதியை முன்கூட்டியே வைத்துவிட்டுத் தன் கைத்திறமையைப் பின்னால் தள்ளும் அந்தப் போக்கை அல்ஹம்ப்றாவின் ஓடு பதித்தவர்கள் அறியாதவர்களல்லர்.

எமது சமூகத்தில் ஓவியம் என்றாலே உருவம், உருவம் என்றாலே கூடாது என்று பேச்சு முடிந்துவிடுகிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது இப்பத்தியின் வேலையல்ல. அதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் உயிருள்ள எதனுடைய உருவமும் இல்லாத கோடும் கட்டமும் எங்கள் பள்ளிவாசல்களின் மிஹ்ராபிலும் மிம்பரிலும் இருக்கின்றன. அதே கோட்டையும் கட்டத்தையும் பாரிஸில் ஒருவர் சட்டம் போட்டு விற்றபோது உலகம் அதை நவீனம் என்றது. நாமோ எங்கள் பள்ளிவாசல் சுவருக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலை ஓடுகளைக் கொள்கலனில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். இந்த வேலைப்பாட்டை மரத்திலும் ஓட்டிலும் துணியிலும் செய்யக்கூடிய இளைஞர்கள் எம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களது வேலையைத் தெரிந்தெடுத்து, பெயரிட்டு, விளக்கத் துண்டு அச்சிட்டு, வருடக்கணக்காக விற்கும் முதலாளி ஒருவரும் எனக்குத் தெரிய இல்லை.

விலை விடயத்துக்கு வருவோம். ஓவிய வியாபாரத்தின் இயல்பு என்னவென்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆதலால் விலை ஏறும், வாங்குபவர் குறைவர். டெனிஸ் ரெனே 1966 இல் சென் ஜேர்மன் வீதியில் இரண்டாவது கடையைத் திறந்தபோது "பலபிரதி" முறையை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒரு படைப்பை ஓவியரின் மேற்பார்வையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, கையொப்பமிட்டு விற்பது. இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸில் டானியல் ஸ்போரி என்பவர் 1959 இலேயே ஒரு தொடரை வெளியிட்டிருந்தார். ஆனால் ஒரு கடையின் நிரந்தர வியாபாரமாக அதை நிலைநிறுத்தியதில் இவருக்குப் பெரிய பங்குண்டு. ஆசிரியர் ஒருவரும் வைத்தியர் ஒருவரும் வாங்கக்கூடிய விலைக்குச் சரக்கு இறங்கியது. வசரெலியின் கொள்கையும் இதற்குப் பொருந்தியது. வடிவங்களையும் நிறங்களையும் எழுத்துகள்போல் வகைப்படுத்தி வைத்துக்கொண்டு, உதவியாளர்களைக் கொண்டு ஆக்கும் முறை அவருடையது.

இந்த வியாபாரம் முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது. 100 பிரதி என்று சொன்னால் 100 தான் இருக்க வேண்டும். 101 ஆவது பிரதியைச் செய்வதற்குச் சில மணிநேரம் போதும், வாங்குபவனால் கண்டுபிடிக்கவும் முடியாது. அளவை நிறுவையில் மோசம் செய்பவர்களைக் கண்டிக்க ஒரு சூறாவே இறங்கியிருக்கும் சமூகத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மோசடி இல்லாவிட்டாலும்கூட அளவு மிஞ்சினால் சரக்குக் கெடும். வசரெலியின் அச்சுப்படங்கள் பிற்காலத்தில் சந்தையில் மிதமிஞ்சிக் கிடந்தன. 1972 இல் ரெனோல்ட் காரின் சின்னத்தைத் தன் மகனோடு சேர்ந்து வடிவமைத்த அளவுக்குப் புகழிலிருந்த மனிதர், 1997 இல் மறையும்போது விமர்சகர்களால் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். எல்லோர் வீட்டுக்கும் கலை என்ற நல்ல நோக்கம், தெருமுனைச் சுவரொட்டியாக முடிந்தது. இதில் கடைக்காரருக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

அசைவுக் கலையில் இன்னொரு தலையிடி. ஓவியம் சுவரில் தொங்கினால் பேசாமல் இருக்கும். மோட்டார் பழுதாகும், விளக்கு எரிந்துபோகும், பட்டி அறுந்துபோகும். வாங்கியவர் யாரிடம் போவார்? விற்றவரிடம்தான். குளிர்சாதனப் பெட்டி விற்பவருக்குள்ள பொறுப்பு, கலை விற்பவரின் தலையிலும் வந்து விழுந்தது. இன்று அருங்காட்சியகங்கள் அந்தக் காலத்து மோட்டார்களுக்கும் குமிழ்களுக்கும் உதிரிப்பாகம் தேடி அலைகின்றன.

1965 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் இந்த வகைக்குப் பெரியதொரு கண்காட்சி வைத்தது. 1966 இல் டெனிஸ் ரெனேயின் ஓவியரான ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த லு பார்க், வெனிஸில் ஓவியத்துக்கான பெரும் பரிசைப் பெற்றார். இருபது வருடம் காத்திருந்த சரக்கு திடீரென ஓட ஆரம்பித்தது. எது நடக்கும் என்று நீங்களே ஊகிப்பீர்கள். நியூயோர்க் துணிக்கடைகள் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைச் சட்டையிலும் கைப்பையிலும் அச்சடித்துத் தள்ளின. இங்கிலாந்து ஓவியர் பிரிஜெட் ரைலி தன் ஓவியம் துணியாவதைக் கண்டு கொதித்தார். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பாணி சலித்துப்போனது. சந்தை வேறு புதுமைகளுக்குத் தாவியது.

அந்த நேரம் பார்த்துத்தான் டெனிஸ் ரெனே கிளை பரப்பினார். 1967 இல் ஜேர்மனியில் கிரெஃபெல்ட், 1969 இல் டுஸல்டோர்ஃப், 1971 இல் நியூயோர்க். அலை இறங்கும்போது தோணியைப் பெரிதாக்கிய கதை. 1973 இல் எண்ணெய் விலை ஏறி மேற்குலகின் பை வற்றியது. 1970 களின் பிற்பகுதியில் லா பொயெத்தி வீதியின் முதற் கடையும், 1981 இல் நியூயோர்க் கிளையும் மூடப்பட்டன. ஜேர்மன் கிளைகளும் நிலைக்கவில்லை. ஒரு சரக்கில் உறுதியாக நிற்பது வேறு, அதற்காக நான்கு நகரங்களில் வாடகை கட்டுவது வேறு. கொழும்பில் நன்றாக ஓடும் கடையை நம்பி கண்டியிலும் குருநாகலிலும் ஒரே வருடத்தில் கிளை திறந்து, மூன்றையும் சேர்த்து இழந்தவர்களை நாம் அறிவோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே எண்ணெய் விலை அவரது ஓவியர்களில் சிலரைத் தூக்கியும் விட்டது. எண்ணெய் வளம் கொண்ட வெனிசுவேலா, கிட்டார் வாசித்துப் பிழைத்த சோட்டோவுக்கு 1973 இல் அவரது சொந்த ஊரில் அருங்காட்சியகமே கட்டியது. குரூஸ் டியஸ் என்ற இன்னொருவரின் வண்ணக் கோடுகள் அந்நாட்டின் பிரதான விமான நிலையத்தின் தரையாகின. பிற்காலத்தில் நாடு நொடிந்து மக்கள் வெளியேறியபோது, அந்தத் தரையில் நிற்கும் தங்கள் பாதங்களைப் படம்பிடித்துக்கொண்டுதான் பலர் விமானம் ஏறினார்கள்.

டெனிஸ் ரெனே சென் ஜேர்மன் வீதிக் கடையை மட்டும் விடாமல் வைத்திருந்தார். சரக்கை மாற்றவில்லை. 1980 களில் உருவ ஓவியம் மீண்டும் எழுந்து விலைகள் விண்ணைத் தொட்டபோதும் மாற்றவில்லை. அப்படி மாறாதது வர்த்தக ரீதியில் புத்திசாலித்தனமா என்று கேட்டால், அந்தப் பத்து வருடங்களுக்கு நிச்சயமாக இல்லை. வெறும் இலாப நட்டக் கணக்கில் அவரை விடப் பணம் சேர்த்த ஓவிய வியாபாரிகள் அதே நகரில் இருந்தார்கள். 1991 இல், 78 ஆவது வயதில், பாரிஸின் மரே பகுதியில் புதிதாக இன்னொரு கூடத்தைத் திறந்தார். எம்மவர்கள் அந்த வயதில் கடைச் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசல் வராந்தாவில் இருப்பார்கள்.

2001 இல் பொம்பிடு மையம் அவரது ஓவியக்கூடத்தின் வரலாற்றையே ஒரு கண்காட்சியாக வைத்தது. அருங்காட்சியகம் ஓவியருக்குக் கண்காட்சி வைப்பது வழமை. வியாபாரிக்கு வைப்பது அரிது. அதே பிரெஞ்சு அரச அருங்காட்சியகம் தனது முதலாவது மொண்ட்ரியான் ஓவியத்தை வாங்கியது 1975 இல். டெனிஸ் ரெனே அவரைத் தனது கடைச் சுவரில் தொங்கவிட்டு அப்போது 18 வருடங்கள் கழிந்திருந்தன. அவர் இறந்த மறுவருடம், 2013 இல், பாரிஸ் கிராண்ட் பலே மண்டபத்தில் ஒளியும் அசைவும் கொண்ட கலைக்குப் பெரியதொரு கண்காட்சி நடந்தது. வசரெலி, சோட்டோ, லு பார்க், மொரெல்லே, குரூஸ் டியஸ் என்று அங்கிருந்த பெயர்களில் பல, லா பொயெத்தி வீதிக் கடையின் பழைய அழைப்பிதழ்களில் இருந்தவையே.